மழை, கொழுந்து, டைனமோ: கண்டிப் பிள்ளைகளுக்கு ஐந்து விஞ்ஞானச் செயற்றிட்டங்கள்

தவணை முடியும் நாட்களில் கண்டி நகரத்துப் புத்தகக் கடைகளில் பெற்றோர் கூட்டம் கூடுதலாக இருக்கும். அவர்களுடைய கையில் பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு துண்டு இருக்கும். ‘விஞ்ஞானச் செயற்றிட்டம், தரம் 8’ என்று அதில் எழுதியிருக்கும். ரெஜிபோம், வர்ணம், பசை, கம்பி என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் வகுப்பறை மேசையில் ஓர் எரிமலையோ, சூரியக் குடும்பமோ நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதைச் செய்ததால் பிள்ளை புதிதாக எதைக் கண்டுபிடித்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நான் விஞ்ஞானம் படித்தவளில்லை. என்னுடைய பட்டம் ஊடகக் கற்கையில். எங்கள் குடும்பத்தில் ஒரு பாதி கண்டிக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது, மறு பாதி கிளிநொச்சியில். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த ஏராளமான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இரண்டு பக்கத்திலும் தரம் 7, 8, 9 படிக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் தொலைபேசியில் ஒரே கேள்விதான் வருகிறது: “அக்கா, புரொஜெக்டுக்கு என்ன செய்யலாம்?” இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களைப் போன்ற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்காகவும் எழுதப்படுகிறது.

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. பல தோட்டப் பாடசாலைகளில் சொல்லிக்கொள்ளும்படி ஆய்வுகூடம் இல்லை. போர் நடந்த பிரதேசங்களில் கட்டடம் திரும்ப எழுந்த இடங்களிலும் உபகரணமும் ஆசிரியரும் சேர்ந்து கிடைப்பது அரிது. “விஞ்ஞானம் எனக்குச் சரிவராது” என்ற முடிவைப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே எடுத்துவிடுகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் தன் கையால் ஒன்றை அளந்து, தன் கொப்பியிலேயே ஒரு விடையைக் கண்ட பிள்ளை அந்த முடிவை அவ்வளவு சுலபமாக எடுக்காது.

தடைக்காலம் நடத்திய பாடம்

ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானம் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள், வீட்டில் உள்ள பெரியவர்களிடம் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் வடக்கில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் பொன்னைப் போல. அந்த நிலையிலும் செய்தி கேட்காமல் இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் ஊறிய சொற்ப மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அந்த விளக்கின் வெளிச்சம் எனக்கும் நினைவிருக்கிறது.

அவை வறுமையின் அடையாளமாக மட்டும் பேசப்படுகின்றன. உண்மையில் அவற்றுக்குள் மின்காந்தத் தூண்டலும் தகனமும் இருந்தன. திரி எவ்வளவு நீளம் இருந்தால் புகை குறையும், போத்தல் எவ்வளவு ஒடுங்கினால் காற்றில் அணையாது என்பதை மக்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தே கண்டார்கள். ஒன்றை மாற்றுவது, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது, என்ன நடக்கிறது என்று பார்ப்பது: பரிசோதனை என்பது அடிப்படையில் இவ்வளவுதான். பாடசாலை இதற்கு மேலே சேர்ப்பது அளவீட்டையும் எழுத்துப் பதிவையும்.

கீழே உள்ள ஐந்தும் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைக்கும் பொருட்களால் செய்யக்கூடியவை. ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியும் ஓர் அளவும் இருக்கின்றன.

1. எங்கள் சரிவில் எவ்வளவு மழை பெய்கிறது?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. அங்கு ஆபத்து இருப்பதாக ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பெயர்த்தது. மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்தே வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது அதன் பொதுவான படிமுறை.

வானொலியில் ‘75 மில்லிமீற்றர்’ என்று கேட்கும்போது அது எவ்வளவு மழை என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 10 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கிட்டத்தட்ட 19,000 லீற்றர், அதாவது 19 தொன் தண்ணீர். ஒரு வீட்டுக் காணியில் மட்டும் இவ்வளவு. மண்ணின் நுண்துளைகளுக்குள் இந்தத் தண்ணீர் இறங்கும்போது மண்ணின் பாரம் கூடுகிறது. துளைகளுக்குள் நீரமுக்கமும் கூடி, மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. சரிவு நகர்வது அதன் பிறகுதான்.

மழைமானி செய்ய ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். நடுவில் ஒடுங்காமல் நேராக உள்ள போத்தலாகப் பாருங்கள். தோள்பட்டைப் பகுதிக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல் துண்டைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேலே அடிமட்டத்தின் அளவைக் கடதாசியில் குறித்து ஒட்டினால் மானி தயார். மழை விழும் வாயும் தண்ணீர் சேரும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஒரு மில்லிமீற்றர் உயரம் ஒரு மில்லிமீற்றர் மழையைக் காட்டும்.

கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில், விழுந்துவிடாமல் கற்களால் அணைத்து வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் செய்வதுபோல் தினமும் காலை 8.30க்கு வாசியுங்கள். வாசித்ததும் பூச்சிய மட்டத்துக்குத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். வெயில் நாளில் ஆவியாகிக் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். ஒரு மாத அட்டவணையை வரைபாக்கினால் செயற்றிட்டம் முடிந்தது. தோட்டத்தின் மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் இரண்டு பிள்ளைகள் அளந்தால் இன்னும் நல்லது. மலையில் ஒரு பள்ளத்தாக்கில் பெய்யும் மழை அடுத்ததில் பெய்வதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் போத்தல் உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்குப் பதிலாகாது. எச்சரிக்கை வந்தால் போத்தலைப் பார்க்காமல் வெளியேற வேண்டும். எச்சரிக்கை வராவிட்டாலும் நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும். இரவில் மானியைப் பார்க்கப் பிள்ளையைச் சரிவுப் பக்கம் அனுப்பவும் வேண்டாம்.

2. ஈரக் கொழுந்து எவ்வளவு கூடுதலாக நிறுக்கும்?

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் பேச்சைக் கேட்காத மலையகப் பிள்ளை இல்லை. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோக்கள் கழியும். கழிப்பது சரியா, கூடுதலா என்ற வாதம் நீண்ட காலமாக இருக்கிறது. இந்த விடயத்தில் பிள்ளை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அளந்து பார்க்கலாம்.

தராசை வீட்டிலேயே செய்யலாம். 30 சென்ரிமீற்றர் மர அடிமட்டத்தின் சரி நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். இரு முனைகளிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் சிறிது களிமண் ஒட்டிச் சமப்படுத்துங்கள். படிக்கல் எங்கே? பாமசியில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சுதான் படிக்கல். ஒரு மில்லிலீற்றர் தண்ணீரின் திணிவு ஒரு கிராம். ஒரு சிரட்டையில் இலையை வைத்து, தராசு சமநிலைக்கு வரும் வரை மற்றச் சிரட்டைக்குச் சிரிஞ்சால் தண்ணீர் விட்டால், எத்தனை மில்லிலீற்றர் விட்டோமோ அத்தனை கிராம் இலை.

இப்போது பரிசோதனை. காய்ந்த மேற்பரப்புள்ள கொழுந்தை நிறுங்கள். தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மூன்று தடவை உதறி மீண்டும் நிறுங்கள். கூடிய கிராமை முதல் நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரத்தின் வீதம் வரும். ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். அடுத்து ஒரேயொரு மாற்றம்: உதறாமல் ஒரு தொகுதி, பத்து நிமிடம் காற்றில் விட்ட பின் ஒரு தொகுதி. வீதம் எப்படி மாறுகிறது என்று அட்டவணை சொல்லும். தேயிலை கிடைக்காத ஊரில் கறிவேப்பிலையோ முருங்கையிலையோ எடுக்கலாம்.

இதன் தொடர்ச்சியாக இலையை நிழலில் உலரவிட்டு மணிக்கு ஒரு தடவை நிறுக்கலாம். பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்க நாலரைக் கிலோ அளவில் கொழுந்து வேண்டியிருப்பது அதனால்தான். தொழிற்சாலையில் வாட்டும் தொட்டிகளுக்கு அடியிலிருந்து காற்று ஊதுவது ஏன் என்பதையும், காற்றுள்ள இடத்தில் ஒரு சிரட்டை, காற்றில்லாத இடத்தில் ஒரு சிரட்டை வைத்துப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம். ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்து இயந்திரங்களையும் பார்க்கலாம்.

3. பிளேன்டீ ஏன் வெளிறுகிறது?

பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் கடும் நிறம் வெளிறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் கலந்ததால் வெளிறுகிறது என்று நினைக்கலாம். அதைச் சோதிப்பது சுலபம். ஒரே அளவு தேநீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் எடுங்கள். ஒன்றில் பத்துத் துளி தேசிப்புளி, இரண்டாவதில் பத்துத் துளி வெறும் தண்ணீர், மூன்றாவதில் அப்பச்சோடா கரைத்த தண்ணீர் பத்துத் துளி. முதலாவது வெளிறும், இரண்டாவது ஏறத்தாழ மாறாது, மூன்றாவது கறுக்கும். வெறும் தண்ணீர் விட்ட குவளைதான் இங்கே கட்டுப்பாடு. அது இல்லாவிட்டால் முடிவு எதையும் நிரூபிக்காது. தேயிலையின் நிறப்பொருள் அமிலத்தில் ஒரு நிறமும் மூலத்தில் வேறு நிறமும் காட்டுவதால் அது ஒரு காட்டி. பாசிச்சாயத் தாள் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

இன்னொரு காட்டி எங்கள் சடங்கிலேயே இருக்கிறது. ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறது. மஞ்சள் பட்ட துணி சவர்க்காரத்தில் சிவப்பதும் அதே காரணத்தால். சுண்ணாம்பும் சவர்க்காரமும் மூலங்கள். மூன்றாவது காட்டி செவ்வரத்தம்பூ. இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் சிவக்கும், மூலத்தில் பச்சையாகும்.

இந்த மூன்று காட்டிகளால் வினாகிரி, தோடம்பழச்சாறு, சவர்க்கார நீர், சாம்பல் கரைசல், பீலித் தண்ணீர், கண்டி வாவித் தண்ணீர் என்பவற்றைச் சோதித்து அட்டவணை போடலாம். வாவித் தண்ணீரில் நிறமாற்றம் தெரியாமல் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான். இந்தக் காட்டிகள் சிறிய மாற்றங்களைக் காட்டும் அளவுக்கு நுட்பமானவை இல்லை என்று எழுத வேண்டும். நிறம் மாறாததால் தண்ணீர் குடிக்க உகந்தது என்று எழுதக் கூடாது. கிருமியையும் நஞ்சையும் காட்டி காட்டாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. மலையில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது?

தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடநூல் சொல்கிறது. அது கடல் மட்டத்துக்குப் பொருந்தும். மேலே போகப் போக எங்களை அழுத்தும் வளி குறைகிறது, வளியமுக்கம் குறையும்போது கொதிநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று நினைவில் வைக்கலாம். கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளதால் இங்கே 98 பாகையை அண்டிக் கொதிக்க வேண்டும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகையை அண்டி. அங்கே பருப்பு அவிய நேரமெடுப்பது விறகின் குற்றமில்லை. தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. பிரஷர் குக்கர் உள்ளே அமுக்கத்தைக் கூட்டி இந்தத் தடையைத் தாண்டுகிறது.

இந்தச் செயற்றிட்டத்தை இரண்டு ஊர்களில் இருக்கும் உறவினர் பிள்ளைகள் சேர்ந்து செய்யலாம். கண்டியில் ஒருவர், கிளிநொச்சியில் ஒருவர். 110 பாகை வரை காட்டும் ஆய்வுகூட வெப்பமானி ஒன்றைப் பாடசாலையில் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் வைத்தால் அது வெடிக்கும். தண்ணீர் நன்றாகக் கொப்பளிக்கும்போது, வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாமல், ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து வாசிப்புகள் எடுங்கள். அடுப்பைக் கூட்டினால் வெப்பநிலை ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறாது.

சிக்கல் ஒன்று வரும். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இரண்டு பாகையிலும் குறைவு. இரண்டு வெப்பமானிகள் தங்களுக்குள்ளேயே ஒரு பாகை வேறுபடலாம். அப்படியானால் கண்ட வித்தியாசம் மலையினால் வந்ததா, கருவியினால் வந்ததா? இதற்கு வழி ஒரே வெப்பமானியைப் பயன்படுத்துவது. விடுமுறைக்குப் போகும் ஒருவர் கையோடு கொண்டுபோகலாம். முடியாவிட்டால் அந்தச் சந்தேகத்தை அப்படியே அறிக்கையில் எழுத வேண்டும். சந்தேகத்தை எழுதிய அறிக்கை, பாடநூல் விடையைப் பார்த்து எழுதிய அறிக்கையை விட நல்ல விஞ்ஞானம். கொதிநீர் என்பதால் இதையும் பெரியவர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

5. விளக்கு எரிந்தால் பெடல் ஏன் பாரமாகிறது?

தடைக்காலத்து டைனமோவுக்கே திரும்பி வருவோம். போத்தல் வடிவான அந்தச் சைக்கிள் டைனமோவுக்குள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கின்றன. காந்தம் சுழலும்போது சுருளில் மின் உண்டாகிறது. 1831இல் மைக்கல் பரடே கண்ட தத்துவம் இது. வருவது ஆடலோட்டம், பொதுவாக 6 வோல்ற்று அளவு. வானொலிக்கு நேரோட்டம் வேண்டும் என்பதால் இடையில் டயோட்டு வைத்தார்கள். பாடநூல் அதை இருவாயி என்று சொல்கிறது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். மல்டிமீற்றரை ஆடலோட்ட வோல்ற்று அளவில் வைத்து டைனமோவோடு இணையுங்கள். தொலைபேசிக் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு 20, 40, 60 தடவை பெடலைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று வாசிப்புகள் எடுத்து வரைபு போடுங்கள். பிறகு டைனமோ விளக்கை இணைத்து அதையே செய்யுங்கள். இரண்டு விடயங்கள் தெரியும். விளக்கு இணைந்ததும் வாசிப்பு குறையும். பெடலும் கைக்குப் பாரமாகும். வெளிச்சத்துக்கான சக்தி சும்மா வருவதில்லை, சுற்றுபவரின் கையிலிருந்து வருகிறது. சக்திக் காப்பு விதியைக் கை உணரும் இடம் இது.

கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா அணையில் நடப்பதும் இதுவே. கையின் இடத்தில் மகாவலி ஆற்றின் தண்ணீர். பழைய தெல்தெனிய நகரை நீருக்குள் அனுப்பிய அந்த நீர்த்தேக்கத்தின் அணை 122 மீற்றர் உயரம். 1985இல் திறக்கப்பட்ட மின்னிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாற்று. மலாவி நாட்டில் வில்லியம் கம்க்வம்பா என்ற சிறுவன் கட்டணம் கட்ட முடியாமல் பாடசாலையை விட்டு நின்றபோது, நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, சைக்கிள் பாகங்களையும் ஒரு டைனமோவையும் வைத்துக் காற்றாலை செய்து வீட்டுக்கு வெளிச்சம் தந்தான். பின்னர் அவனுடைய கதை உலகம் முழுவதும் போனது. அவனுக்குக் கிடைத்த பொருட்கள் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் கிடக்கின்றன. ஒரேயொரு எச்சரிக்கை: டைனமோவை வீட்டு மின்சுற்றோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது.

அறிக்கையை எப்படி எழுதுவது?

எந்தச் செயற்றிட்டமாக இருந்தாலும் அறிக்கையின் ஒழுங்கு ஒன்றுதான். கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். அளப்பதற்கு முன்னர் உங்கள் ஊகத்தை எழுதுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். எதை மாற்றினீர்கள், எதை அளந்தீர்கள், எவற்றை மாறாமல் வைத்திருந்தீர்கள் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாசிப்பையும் குறைந்தது மூன்று தடவை எடுங்கள். மற்றவற்றோடு ஒத்துவராத வாசிப்பை அழிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். வரைபு வரையுங்கள். ஊகம் பொய்த்தால் பொய்த்தது என்று எழுதுங்கள். கடைசியில், இதிலிருந்து எழும் அடுத்த கேள்வியைக் குறிப்பிடுங்கள். அட்டை அலங்காரம் இவற்றுக்குப் பிறகு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்காக நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வாசிப்பு கோணலாக வந்தாலும் அது பிள்ளையின் வாசிப்பாக இருக்கட்டும். உங்களால் கொடுக்கக்கூடிய பெரிய உதவி, தடைக்காலத்தில் விளக்கையும் வானொலியையும் எப்படி இயக்கினீர்கள் என்று சொல்வது. அறிக்கையின் முன்னுரையில் அதை எழுதலாம். சொல்ல விருப்பமில்லாதவர்களைப் பிள்ளைகள் வற்புறுத்த வேண்டாம். அதேபோல, ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள் இருக்கும் வீட்டில் திடீரென்று வெடித்துச் சத்தம் போடும் பரிசோதனைகள் வேண்டாம். ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

கண்டியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகமும், ஹந்தானை வீதியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு மாத மழை அட்டவணையோடு வரும் பிள்ளைக்கு அங்கே கேட்பதற்கும் கேள்விகள் இருக்கும். ரெஜிபோம் எரிமலையிலிருந்து அப்படிக் கேள்விகள் எழுவது குறைவு.

ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்று போதும். எதிலிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு மழைமானியைத்தான் சொல்கிறேன். ஒரு வெறும் போத்தலும் ஒரு கொப்பியும் போதும், செலவில்லை. அடுத்த தடவை வானொலி ‘75 மில்லிமீற்றர்’ என்று சொல்லும்போது, அது எவ்வளவு தண்ணீர் என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.